மே/பா: அக்கா

ஜூன் 4

அன்புள்ள ஊசிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. "நலமில்லை" என்று நீ பதில் எழுதிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அதை விட்டுவிட்டேன். சாப்பிட்டாயா? அதை மட்டும் சொல், போதும்.

மையத்தில் மூச்சுவிட நேரமில்லை. அரசு மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் மாதம் இது. காப்பீட்டு அலுவலகம் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அனுப்பும். "இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறீர்களா, நிலைமை மாறவில்லையா" என்று கேட்கும். பதில் போனால் கார்டு பிழைக்கும். ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தால் கார்டு செத்தது. வீடே இல்லாதவர்களுக்கு வீட்டுக்குத் தபால் போடும் புத்தி யாருக்கு வந்ததோ, அந்தப் புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் உதவி மையத்தின் முகவரியையே எல்லோருக்கும் கொடுத்து, சுவரோரம் பெயர் ஒட்டிய மரப்பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறோம். உனக்கும் ஒன்று உண்டு. இந்தக் கடிதம் அதில்தான் கிடக்கும், பதிலையும் அதிலேயே போடு.

தள்ளுவண்டிக்காரர் ஒருவர் போன வருடம் கடிதத்தைத் தொலைத்து, கார்டையும் இழந்து, சர்க்கரைப் புண்ணோடு அலைந்தார். இந்த முறை அவர் மணிக்கட்டிலேயே பேனாவால் தேதியை எழுதி அனுப்பினேன். அழிந்துவிடுமே என்று மனிதர் அந்தக் கையை மட்டும் நனைக்காமல் குளித்திருக்கிறார். "பாருங்கம்மா, எழுத்து அப்படியே இருக்கு" என்று கொண்டுவந்து காட்டினார். எழுத்தும் இருந்தது, அழுக்கும் இருந்தது.

உன் படிவத்தை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், கவலைப்படாதே. மற்றவர்களுக்கெல்லாம் மையத்து முகவரி. உன்னுடையதை அப்படி விட மனம் வரவில்லை. இத்தனை பெட்டிகளுக்கு நடுவே உன் கடிதம் தவறிப்போனால்? அதனால் நம் வீட்டு முகவரியைப் போட்டு, "மே/பா: அக்கா" என்று என் பெயரையும் எழுதினேன். தபால் வந்தால் என் கைக்கே வரும்.

நான் விடுப்பில் இருக்கும் நாளாகப் பார்த்து நீ மையத்துக்கு வருகிறாய் என்று வாட்ச்மேன் சொன்னார். வா. எப்படியாவது வா. காலை மாத்திரை, இரவு மாத்திரை இரண்டையும் தவறவிடாதே. ரயில் தண்டவாளத்துப் பக்கம் போகாதே. தண்ணீர்த் தொட்டியில் குனியாதே. எழுத எழுத நீளுகிறது, நிறுத்துகிறேன்.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள வார்டன் அக்காவுக்கு,

சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டேன். நாக்கைத் தூக்கிக் காட்ட இங்கே ஆள் இல்லை, என் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும்.

பார்சல் கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழே நாங்கள் நாலைந்து பெண்கள் சௌக்கியம். எனக்குப் பக்கத்தில் படுப்பது பேப்பர்காரம்மா. பழைய பேப்பர் பொறுக்கி விற்பவள். விற்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் படித்துவிடுவாள், அதனால் உலகத்தில் அவளுக்குத் தெரியாதது கிடையாது. எல்லாம் போன மாதத்து விஷயம், அவ்வளவுதான். வலிப்பு வந்து நான் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நன்றாகவே செய்கிறாள். எழுந்த பிறகு அவள் அழுவதில்லை. அதுதான் எனக்கு அவளிடம் பிடித்தது.

கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டில் எனக்கு என்ன குறை? சோறு இருந்தது, மெத்தை இருந்தது. ஆனால் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாய். அடுப்புப் பக்கம் திரும்பினால் பின்னாலேயே வந்து நின்றாய். என் கத்தரிக்கோலை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாய். தையல் ஆலையில் மிஷின்மேல் நான் விழுந்தபோது வேலைதான் போயிற்று. உன் வீட்டில் மிச்சம் இருந்ததும் போயிற்று. அதற்குமேல் எழுதினால் சண்டை வரும்.

ஒரு தமாஷ் கேள். இரண்டு நாளைக்கு முன்னால் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் கார்டுக்காரர்களைச் சரிபார்க்க இங்கே வந்தார். சட்டைப் பையில் நாலு பேனா. யாரோ என்னை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். என் பெயரைப் படித்துவிட்டு, "உங்க அக்கா மேற்பார்வையில இருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம்.

"நான் யாரோட மேற்பார்வையிலயும் இல்ல சார். அந்த ஜெயில்லேர்ந்து விடுதலையாகி வந்தாச்சு" என்றேன்.

"அப்ப அந்த வீட்ல நீங்க இல்லையா?"

"இல்லவே இல்ல!"

பேப்பர்காரம்மா கைதட்டினாள். ஆய்வாளரும் சிரித்துக்கொண்டேதான் எழுதிக்கொண்டார். பாவம், நல்ல மனிதர்.

ஊசி


ஜூன் 11

ஊசி,

அடிப்பாவி! என்னடி சொல்லி வைத்தாய்!

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மே/பா என்றால் மேற்பார்வை. ஆனால் அந்த மேற்பார்வை இல்லையடி! உறையின்மேல் எழுதுகிற சொல். "இந்தக் கடிதம் இன்னார் கைவழியாக உனக்கு வரும்" என்று தபால்காரருக்குச் சொல்வது. பள்ளியில் நான் விடுதியில் இருந்தபோது அப்பா எனக்கு அப்படித்தான் எழுதுவார். அதே பழக்கத்தில் எல்லோருக்கும் எழுதுகிறேன். யாரும் யாரையும் கண்காணிக்கும் வார்த்தை இல்லை அது.

ஆய்வாளருக்கும் அதன் பொருள் தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல? நானாவது மையத்து முகவரியைப் போட்டுத் தொலைத்திருக்கலாம். எல்லோருக்கும் சரியாகச் செய்துவிட்டு, சொந்தத் தங்கைக்கு மட்டும் கூடுதலாகப் பாசம் காட்டப் போய் இப்படி ஆயிற்று. அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள், நான் ஒரே இடத்தில் குழியே தோண்டிவிட்டேன்.

நாளை காப்பீட்டு அலுவலகம் போகிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. ஆய்வாளர் நல்லவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். மருந்தகத்துக்கு நீ எப்போது போக வேண்டும்? போய்ப் பார்த்து உடனே எழுது.

அக்கா


ஜூன் 18

அக்கா,

இன்று மருந்தகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண் கார்டை இயந்திரத்தில் வைத்தாள், எடுத்தாள், துடைத்தாள், திரும்ப வைத்தாள். "ஓடலயே அக்கா" என்றாள். எனக்குப் பின்னால் வரிசை. "நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு காட்டுது. கார்டு இல்லாம டாக்டரும் சீட்டு எழுத மாட்டாரு. சீட்டு இல்லாம நான் குடுக்க முடியாது." அவள் கெட்டவள் இல்லை. எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், பார்த்தாயா?

கையில் கொஞ்சம் மாத்திரை இருக்கிறது. பேப்பர்காரம்மாவின் பிளேடால் பாதி பாதியாக வெட்டி வைத்துவிட்டேன். துணி போதாவிட்டால் சட்டைக் கையைக் கொஞ்சம் குட்டையாக வெட்டுவோமே, அதுபோல.

நேற்றிலிருந்து அடிக்கடி ரப்பர் கருகிய வாசனை வருகிறது. யாரோ டயர் எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். யாரும் எரிக்கவில்லை.

ஊசி


ஜூன் 19

என் கண்ணே,

வெட்டாதே! பாதியாகப் போடாதே! டாக்டர் அன்றைக்கு என் எதிரில்தான் சொன்னார், வலிப்பு மாத்திரையைத் திடீரென்று குறைத்தால் முன்பு வந்ததைவிடப் பெரிதாக வரும், ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வரும் என்று. உனக்கும்தான் தெரியும். ரப்பர் வாசனை வந்தால் நின்ற இடத்திலேயே உட்கார். படிக்கட்டாக இருந்தாலும், தெருவாக இருந்தாலும் உட்கார். யார் என்ன நினைத்தால் என்ன?

நம் தெருமுனை மருந்துக் கடைக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, உன் பழைய சீட்டைக் காட்டி, ஒரு அட்டை மாத்திரை வாங்கியிருக்கிறேன். "இந்த ஒரு தடவைதாம்மா, அடுத்த வாட்டி என் லைசென்ஸ் போயிரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். முழுதாகப் போடு.

காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு வாரம் அலையவிட்டு, இன்றுதான் உன் கோப்பைக் காட்டினார்கள். ஆய்வாளர் இரண்டே வரி எழுதியிருக்கிறார். "கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை. குடும்பம் உண்டு." அவ்வளவுதான். அந்த இரண்டு வரிக்குத்தான் கார்டு நின்றிருக்கிறது. நான் எத்தனை பேருக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அங்கே உள்ள குமாஸ்தாக்களுக்கெல்லாம் என்னைத் தெரியும். என் தங்கை என்று சொல்லும்போது குரல் எழும்பவில்லை. மேல்முறையீடு கொடுத்துவிட்டேன், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

அதுவரை நீ அங்கே இருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்துவிடு. தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டாயிற்று. உன் அத்தானே ஸ்க்ரூவைத் தேடி எடுத்துப் போட்டார். நான் எதையும் கேட்க மாட்டேன், பின்னால் வர மாட்டேன். இரவில் சைரன் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். வந்துவிடு, ஊசி.

அக்கா


ஜூன் 25

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாய் வீங்கியிருக்கிறது. கைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, அதுவும் நடுங்குகிறது.

குழாயடியில் வந்தது. நீ கொடுத்த மாத்திரையை முழுதாகத்தான் போட்டேன். அதற்கு முன்னால் வெட்டியதெல்லாம் சேர்ந்து பழிவாங்கியதோ என்னவோ. பட்டப்பகல். வாளி நிரம்பியதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்தால் சுற்றிலும் கால்கள். செருப்புப் போட்ட கால், போடாத கால், ஒரு பூட்ஸ் கால். முகம் ஒன்றும் தெரியவில்லை. "குடிச்சிருக்கும்" என்று ஒரு குரல். பேப்பர்காரம்மா அவர்களை விலக்கிக்கொண்டு வந்தாள். இந்த முறை அவளும் அழுதாள். ஒன்று முடிந்து இன்னொன்று வந்ததாம். இரண்டுக்கும் நடுவில் நான் மூச்சுவிடவில்லை என்று நினைத்தாளாம்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நெற்றிக்குப் பிளாஸ்திரி போட்டார்கள். பிறகு, "படுக்க வைக்கணும், கார்டு குடுங்க" என்றார்கள். கொடுத்தேன். ஓடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டோம்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் வீம்புக்கு எழுதினேன். ராத்திரி கண்ணை மூடப் பயம். தண்ணீர் பிடிக்கப் போகப் பயம். ரயில் கூவினால் பயம். உன் வீட்டில் எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வந்ததில்லை. உனக்கு அது இருந்ததால் எனக்கு வேண்டியிருக்கவில்லை போலிருக்கிறது.

நான் வரட்டுமா? கத்தரிக்கோலை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். நாளைக்கே வருகிறேன். வாட்ச்மேனிடம் ஒரு வரி எழுதிக் கொடு, போதும்.

ஊசி


ஜூன் 26

ஊசி,

வராதே.

இந்த வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனை மாதமாக நீ வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நீயாக "வரட்டுமா" என்று கேட்ட கடிதத்துக்கு என் கையாலேயே இப்படிப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. கடைசிவரை படி. பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்கு ஓடினேன். மேல்முறையீட்டைப் பார்க்கும் அதிகாரி ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் கேட்டார். "தங்கச்சிய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன் மேடம், இந்தக் கேஸே வேண்டாம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தெரியவில்லை. "இவ்வளவு நாள் இந்த வேலை பாக்கறீங்க, உங்களுக்கா சொல்லணும்?" என்றார்.

சொல்ல வேண்டியதில்லைதான். எனக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களுக்கு நான் தினமும் சொல்வதுதான். உன்னுடைய கார்டு வீடில்லாதவர்களுக்கான கார்டு. நீ என் வீட்டில் ஒரு நாள் தங்கினாலும் வீடுள்ளவள் ஆகிவிடுவாய். அப்போது என் சம்பளமும் உன் அத்தான் சம்பளமும் உன் கணக்கில் சேரும், கார்டு ரத்தாகும். எங்கள் காப்பீட்டில் உன்னைச் சேர்க்கலாமா என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், அதோடு சரி. தங்கைக்கென்று அந்தப் படிவத்தில் வரி இல்லை. என் வீட்டுக்குள் நீ வந்தால் கூரை கிடைக்கும், மருந்து போகும். மருந்துக் கடைக்காரர் இனித் தர மாட்டார். டாக்டர், ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஒன்றும் கிடையாது. என் மடியிலேயே உன்னைச் சாகக் கொடுக்க வேண்டியதுதான். எழுதிவிட்டேன், அடிக்க மனம் இல்லை.

விசாரணைக்கு முன்னால் ஆய்வாளர் என்றைக்கு வேண்டுமானாலும் நம் வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். அதனால்தான் வராதே என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. "குடும்பம் உண்டு" என்று எழுதிய வரியை அடிக்க வேண்டுமானால் நான் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். வாசகத்தை அவர்களே கொடுத்தார்கள். "மேற்படி நபர் என் உடன்பிறந்த தங்கை. அவர் என் வீட்டில் வசிக்கவில்லை. என் வீட்டில் அவருக்கு இடம் இல்லை. அவரை நான் பராமரிக்கவில்லை." இதன் கீழே கையெழுத்து. எத்தனையோ அண்ணன்களிடமும் மகன்களிடமும் இதே வாசகத்தை நீட்டி, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிங்க, போடுங்க" என்று சொன்னவள்தான் நான். ஒரு மகன் கையெழுத்துப் போட்டுவிட்டு மையத்து வாசலில் உட்கார்ந்து அழுதான். எதற்கு அழுகிறான் என்றுகூட அப்போது எனக்கு விளங்கவில்லை.

உன் அத்தான், "காகிதம்தானே, போட்டுடு" என்கிறார். காகிதத்தை அலமாரிமேல் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. உன் கையால் ஒரு வரி எழுது. நீ வேண்டாம் என்றால் போட மாட்டேன்.

விசாரணை ஜூலை இரண்டாம் தேதி காலை. வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறேன், உன் மணிக்கட்டில் பேனாவால் எழுதிவிடுவார். பேப்பர்காரம்மாவை விட்டுத் தனியாக எங்கும் போகாதே.

அக்கா


ஜூன் 28

அக்கா,

கிழித்துப் போடவில்லை. ஆனால் "வராதே" என்ற இடத்தில் மடித்துவிட்டுக் கிடங்கை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன்.

எழுது. கையெழுத்துப் போடு. அளவெடுத்தாயிற்று, இனித் தயங்கித் தயங்கி வெட்டினால் துணிதான் பிசிறும். பேப்பர்காரம்மாவிடம் வாசகத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்குச் சட்டமும் தெரியும் என்று சொல்லிக்கொள்வாள் அல்லவா? "இதுல பொய் எதுவும் இல்லியே" என்றாள். உண்மைதான். நான் உன் வீட்டில் இல்லை. நீ என்னைப் பராமரிக்க நான் விடவில்லை. நடுவில் இருக்கிற அந்த வரிதான் இடிக்கிறது. அதைப் படிக்காதே, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடு.

எனக்குப் பயம் வேறு. அந்த அதிகாரி கேள்வி கேட்கும்போது எனக்கு வந்துவிட்டால்? அவர்கள் மேஜை மேலேயே விழுந்துவிட்டால்? அன்று மட்டும் வராமல் இருக்க வேண்டும். அதற்கு என்ன மாத்திரை இருக்கிறது?

நீ அங்கே வந்தால் தள்ளி உட்கார். கிட்டே வராதே. நான் உன்னைப் பார்க்காத மாதிரிதான் இருப்பேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஊசி


ஜூலை 3

அன்பு ஊசிக்கு,

உன் கார்டு ஓடும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை நானே மருந்தக ஜன்னலில் போய் விசாரித்தேன். உன் பெயருக்கு நேரே பச்சை விளக்கு எரிகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். போய் மாத்திரையை வாங்கிக்கொள். டாக்டர் ஸ்கேனுக்கும் எழுதுவார். இந்த முறை முகவரி மையத்து முகவரிதான், மற்ற எல்லோரையும் போல. மே/பா என்று எழுதவில்லை. "உதவி மையம் வழியாக" என்று எழுதினேன். இனி யாருக்கும் அப்படித்தான் எழுதப் போகிறேன். மையத்தில் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன், ஏன் என்று கேட்டவர்களுக்கு உன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

நேற்றைய தினத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. உன் நெற்றியில் பிளாஸ்திரியைப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரிகிறது. அந்த நீலச் சட்டை நீயே தைத்தது என்று தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. நீ சொன்னபடி தள்ளித்தான் உட்கார்ந்தேன். அந்த அதிகாரி என் உறுதிமொழியை மனதுக்குள் படித்தால் ஆகாதா? உரக்கப் படித்தார். அவருக்கு அதுதான் விதியாம். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார்: "இவங்களுக்கு உங்க வீட்ல இடம் இல்லையாம்மா?"

எழுதுவது வேறு, ஊசி. வாயால் சொல்வது வேறு. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இல்லை" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க, பதிவாகணும்" என்றார். இன்னொரு முறை சொன்னேன். "இல்லை மேடம். இடம் இல்லை."

அவர் முத்திரை குத்தியதும் நீ எழுந்து போனாய். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய்தான், தெரியும். ஆனாலும் கதவருகில் ஒரு தரமாவது திரும்புவாய் என்று இருந்தேன். பேப்பர்காரம்மா உன் தோளைப் பிடித்திருந்தாள். நீ அவள்மேல் சாய்ந்துகொண்டு அவ்வளவு வேகமாகப் போனாய். என் முகத்தைப் பார்க்கவே வெறுத்துப்போயிற்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பியூன் வந்து அறையைப் பூட்ட வேண்டும் என்றார்.

இனி உன்னை வா என்று கூப்பிடும் உரிமை எனக்கு இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. உன் பெட்டியைத் திறந்து பார்த்து, பதில் இல்லாத ஒவ்வொரு நாளும் நான் என்னென்னவோ நினைக்கிறேன்.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை வாங்கிவிட்டேன். முழு மாத்திரை, இரண்டு வேளை. ஸ்கேனும் ஆயிற்று. குகைக்குள் தலையை விட்டுப் படுக்க வைத்தார்கள், பேப்பர்காரம்மா வெளியிலிருந்து உலகச் செய்திகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதனால்தான் எழுத இத்தனை நாள். உன் கடிதத்தை நேற்றுத்தான் எடுத்தேன்.

வெறுப்பாம், எனக்கு! நான் திரும்பிப் பார்க்காமல் போனது ஏன் என்று கேள். நீ இரண்டாவது முறை "இல்லை" என்றாயே, அப்போதே ரப்பர் வாசனை வந்துவிட்டது. முத்திரை குத்தும் வரை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை அக்கா, ஒரு மின்கம்பம். அதில் காக்காகூட இல்லை. அங்கேயே விழுந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்திருப்பாய். என் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒருக்களித்து வைத்து, என் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பாய். அந்த அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்திருப்பார். அதற்குப் பிறகு நீ எழுதிக் கொடுத்ததை யார் நம்புவார்கள்?

அதனால்தான் ஓடினேன். கதவைத் தாண்டி, படிக்கட்டுத் திருப்பம் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கேதான் விழுந்தேன். உன் கண்ணில் படாத இடம் என்று பேப்பர்காரம்மா அங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தாள். எழுந்தபோது நீ இன்னும் மேலே அந்த அறையில்தான் இருக்கிறாய் என்று சொன்னாள். கூப்பிடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

படியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று உனக்கு எழுதப் போவதில்லை. நீ ஏற்கெனவே போதுமான அளவு பயந்துகொண்டிருக்கிறாய். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். இப்போது வருவதில்லை. நீ பயப்படுவதை நிறுத்திவிடாதே. தூரத்திலிருந்தே பயப்படு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டுக்கு வருகிறேன். தங்குவதற்கு இல்லை, சாப்பிட. விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் போவதை எந்த ஆய்வாளரும் தடுக்க முடியாதாம், பேப்பர்காரம்மா விசாரித்துச் சொன்னாள். அவளையும் அழைத்து வருகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவோம். கிளம்பும்போது "இரு" என்று மட்டும் சொல்லிவிடாதே, அக்கா. நீ சொன்னால் நான் இருந்துவிடுவேன்.

உன் தங்கை